தத்து அல்ல, இடைக்கால வளர்ப்பு

போன மாதம் பெருந்துறைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவருக்கு அறுவை சிகிச்சை, சில மாதம் ஓய்வு வேண்டும். பிள்ளையைப் பார்க்க அம்மிச்சியும் உயிரோடு இல்லை. தாளின் தலைப்பு: ‘தற்காலிகத் தன்னார்வத் தத்து’. படித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “தத்துக் குடுக்கறதுக்கு எம்புள்ளைக்கு என்னங்க கேடு? நான் உசுரோடதான இருக்கறன்?”

அவர் கேட்டது சரி. பெற்றோரால் முடியாத காலத்தில் குழந்தையை வேறொரு குடும்பம் வளர்ப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர் கேர்’ என்பார்கள். அதைத் தத்து என்று எழுதுவதை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை.

‘ஃபாஸ்டர்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உணவு, ஊட்டம் என்று பொருள். ‘ஃபுட்’ அதன் உறவுச் சொல். சோறு போட்டு வளர்ப்பது, அவ்வளவுதான். தத்து வடமொழி ‘தத்த’விலிருந்து வந்தது: கொடுக்கப்பட்டது. கொடுத்தால் கொடுத்ததுதான். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது. பிறந்த வீட்டோடு இருந்த உறவு சட்டப்படி அறுந்துவிடும். அப்படியிருக்க, ‘தற்காலிகத் தத்து’ என்ற தொடர் தன்னையே மறுக்கிறது. ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டவனை ‘ஆட்டை விற்றுவிட்டான்’ என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? ஆட்டுக்கே இந்த வேறுபாடு தெரிந்த மொழியில், குழந்தைக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

சட்டத்தில் குழப்பமே இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆவது பிரிவில் இதைத் தத்திலிருந்து தனியாகவே வைத்திருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, குறுகிய அல்லது நீண்ட காலத்துக்குக் குழந்தை வேறொரு குடும்பத்தில் வளரும். குழு தடுத்தாலொழிய பெற்றோர் போய்ப் பார்க்கலாம். அவர்களால் வளர்க்க முடியும் என்று குழு கண்டால் குழந்தை வீடு திரும்பலாம். இதில் ‘கொடுத்தல்’ எங்கே இருக்கிறது?

அதைவிட மோசம் ‘தன்னார்வ’. இங்கிலாந்தில் நடப்பிலுள்ள 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 20ஆவது பிரிவு போன்ற ஏற்பாடுகளைத்தான் ‘வாலண்டரி’ என்கிறார்கள். நீதிமன்றம் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, பெற்றோரே சம்மதித்து விட்டிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். அந்தச் சட்டப்படி பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து ‘தன்னார்வம்’ என்று போட்டுவிட்டார்கள். தன்னார்வம் என்றதும் நம் மக்களுக்கு ரத்ததானமும் வெள்ள நிவாரணமும்தான் நினைவுக்கு வரும். யாரோ காசு வாங்காமல் சேவை செய்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் இங்கே மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ப்புக்கென்று மாதம் 4,000 ரூபாய் இருக்கிறது. பெற்றவளின் சம்மதத்தைச் சொல்ல வந்த சொல், வளர்ப்பவரின் தியாகத்தைச் சொல்வதாக மாறிவிட்டது. சம்மதம், இசைவு என்று அருமையான சொற்கள் கையில் இருக்கும்போது இது தேவையா?

‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. தவறில்லை, ஆனால் ஒரே வேலையை இரண்டு சொல் செய்கின்றன. தவிர, ‘வளர்ப்பு மகன்’ என்றால் தத்துப்பிள்ளை என்றே ஊரில் நினைக்கிறார்கள். ஆகவே ‘வளர்ப்பு’ மட்டும் தனியே நின்றால் போதாது.

பழைய சொற்கள் இல்லாமல் இல்லை. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய் என்று சங்க இலக்கியம் பிரித்துப் பேசியது. ஆனால் செவிலியர் இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். புறநானூற்றில் பொன்முடியார் “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்கிறார். புறந்தருதல் என்றால் பேணி வளர்த்தல். எனக்கு மிகவும் பிடித்த சொல். என்றாலும் படிவத்தில் அதைப் போட்டால், ‘தருதல்’ என்பதைப் பார்த்து மறுபடியும் தத்து என்றே பயப்படுவார்கள். தூய தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும், ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிவது அதற்கு முன்னால் வரவேண்டும்.

அதனால் நான் சொல்வது ‘இடைக்கால வளர்ப்பு’. தற்காலிகம் என்றால் இப்போதைக்கு என்று மட்டும் கேட்கும், பிறகு என்ன ஆகும் என்று சொல்லாது. இடைக்காலம் என்றாலே முன்னும் உண்டு, பின்னும் உண்டு. வாலண்டரி வகையைக் குறிக்க ‘பெற்றோர் இசைவில் இடைக்கால வளர்ப்பு’ என்று எழுதலாம். நீளம்தான், இருக்கட்டும்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்பறம் நானே கூட்டிக்கலாமுங்களா?” குழு பார்த்துச் சரி என்றால் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். தாளைத் திரும்ப வாங்கினார். அதன் இரண்டாம் பக்கத்தில் வளர்க்கப் போகிற குடும்பத்துக்கு ‘புதிய பெற்றோர்’ என்று அச்சடித்திருந்தது. பேனா கேட்டு வாங்கி, அதை அடித்துவிட்டு ‘வளர்க்கும் குடும்பம்’ என்று நானே எழுதிக் கொடுத்தேன்.