கருந்துளைக்குள் விழுமுன் எழும் வெளிச்சம்

கன்னி விண்மீன் குழுவில் இருக்கும் 3சி 273 என்ற குவாசர் (ராட்சதக் கருந்துளையை நோக்கி விழும் வாயுவால் ஒளிரும் விண்மீன் மண்டல மையம்), இருட்டான வானம் வாய்த்தால் 8 அங்குலத் தொலைநோக்கியிலேயே மங்கலான புள்ளியாகத் தெரியும். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் 15.8 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பேரண்டம் விரிவதால் ஏற்படும் இந்த நகர்வை வைத்துப் பார்த்தால், அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிய, சில லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சம் வேண்டும்.

அணுக்கரு இணைவு இதற்குக் கட்டுப்படியாகாது. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையை நோக்கி இறங்கும் வாயுவோ 5.7 சதவீதம் தரும்; கருந்துளை உச்ச வேகத்தில் சுழன்றால் 42 வரை போகும். 10 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3சி 273 ஆண்டுக்கு இரண்டு மூன்று சூரியன் எடையுள்ள வாயுவை விழுங்குகிறது. அதாவது, சுமார் 35 விநாடிக்கு ஒரு பூமி.

ஆனால் வாயு நேராகப் போய் விழுவதில்லை. கொஞ்சம் பக்கவாட்டு வேகம் இருந்தாலும் போதும், சுற்ற ஆரம்பித்துத் தட்டையான வட்டாகிவிடும். கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இறங்க வேண்டுமானால் தன் கோண உந்தத்தை, அதாவது சுற்றிக்கொண்டே இருக்கவைக்கும் சுழற்சி உந்தத்தை, வேறெங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். துகள்களின் சாதாரண உராய்வால் அது நடக்கவே நடக்காது.

அந்த வேலையைச் செய்வது காந்தப்புலம். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் சுற்றும் இரண்டு வாயுத் திரள்களை ஒரு காந்தக் கோடு ரப்பர் கயிறுபோல் பிணைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்பாதையில் இருப்பது வேகமாக முந்தும், கயிறு விறைக்கும். விறைத்த கயிறு அதைப் பின்னுக்கு இழுக்க, கோண உந்தம் குறைந்து அது இன்னும் உள்ளே சரியும். சரிந்ததும் முன்னைவிட வேகமாகச் சுற்றும். கயிறு மேலும் விறைக்கும். வெளிப்பாதையில் இருப்பதோ அந்த உந்தத்தை வாங்கிக்கொண்டு விலகிப்போகும். இந்த நிலையின்மையை இயற்பியலாளர்கள் வெலிகோவ் 1959இலும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1960இலும் கணக்கிட்டுவிட்டார்கள். கருந்துளை வட்டுகளுக்கு அது பொருந்துவதை 1991இல்தான் வானியற்பியலாளர்கள் பால்பஸும் ஹாலியும் காட்டினார்கள்.

இந்தக் கொந்தளிப்பில் வாயு சூடேறி, உள்வட்டு லட்சம் டிகிரி அளவில் புற ஊதாவில் ஒளிரும். 10 கோடி சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளைக்கு நிகழ்வெல்லையின் (ஒளிகூடத் தப்ப முடியாத எல்லையின்) ஆரம் 30 கோடி கிலோமீட்டர். 90 கோடிக்குள் நிலையான பாதையே கிடையாது. அங்கே வந்த வாயு ஒளிர நேரமின்றி விழுந்துவிடும்.

வாயு அளவு மீறி வந்தால், எழும் ஒளியின் அழுத்தமே அதை வெளியே தள்ளும். மிகக் குறைந்தால், நெருக்கமில்லாத வாயு தன் வெப்பத்தை ஒளியாக்க முடியாமல் அப்படியே உள்ளே கொண்டுபோய்விடும். நம் பால்வீதியின் நடுவே 40 லட்சத்துக்கும் அதிகமான சூரிய நிறையுள்ள கருந்துளை மங்கிக் கிடப்பது அதனால்தான். முழு விண்மீனே இரையானாலும் பலன் உறுதியில்லை: 10 கோடி சூரிய நிறையைத் தாண்டிய கருந்துளைக்குள் நம் சூரியன் போன்ற ஒன்று பெரும்பாலும் கிழிபடாமலே போய்விடும், வெளிச்சமில்லாமல்.