பெட்ரோலுக்குள்ளேயே ஓடும் மோட்டார்: ஃபியூல் பம்ப் வேலை செய்யும் விதமும் அதை வீட்டில் மாற்றும் விதமும்

எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடும் காரின் ஃபியூல் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: கரண்ட் ஓடும் மோட்டாரைப் பெட்ரோலுக்குள் போட்டால் வெடிக்காதா? நியாயமான சந்தேகம்தான். பெரும்பாலான பம்புகளில் இருப்பது சாதாரண டிசி மோட்டார். கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரில் (சுழலும் பாகத்துக்குக் கரண்டை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வளையம்) உரசிக்கொண்டே இருக்கும், அங்கே சின்னச் சின்னப் பொறிகள் தெறிக்கும், இதில் கூத்து என்னவென்றால் பெட்ரோல் அந்த மோட்டாரைச் சுற்றிக்கூடப் போவதில்லை, அதன் வயிற்றுக்குள்ளே புகுந்து பிரஷ்களையும் தொட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது.

அப்படியும் தீப்பிடிப்பதில்லை. காரணம், திரவப் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும், அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்தால் மட்டும். கலவையில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. மோட்டாருக்குள் காற்றே இல்லை, பெட்ரோல்தான் நிரம்பியிருக்கிறது. பெட்ரோலுக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தில் காற்று உண்டு, ஆனால் பெட்ரோல் படுவேகமாக ஆவியாவதால் சாதாரண வெப்பநிலையில் அங்கே ஆவியின் அளவு அந்த மேல் எல்லையைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். அதாவது மூடிய டேங்க் தீக்குப் போதுமான காற்றைக் கொடுப்பதே இல்லை. (எத்தனால் மிக அதிகமாகக் கலந்த எரிபொருளுக்குக் கடுங்குளிரில் இந்தக் கணக்கு மாறலாம், அது தனிக்கதை.)

பம்பை மாற்ற உட்காரும்போது நாம் செய்யும் முதல் வேலையே இந்தப் பாதுகாப்பைக் கலைப்பதுதான். மூடியைத் திறந்ததும் ஆவி வெளியே வருகிறது, காற்றோடு கலந்து நீர்த்துப்போகிறது, எங்கோ ஓரிடத்தில் அந்த 1.4-க்கும் 7.6-க்கும் இடையில் வந்து நிற்கிறது. இந்த வேலையில் எடுக்க வேண்டிய எச்சரிக்கை முக்கால்வாசியும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

சரி, இவ்வளவு வம்பு எதற்கு, பம்பை வெளியிலேயே வைக்கலாமே? வைத்திருந்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் எஞ்சின் ஓரத்திலிருந்த டயாஃப்ரம் பம்ப் தூரத்து டேங்கிலிருந்து உறிஞ்சி இழுத்தது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு 0.3, 0.4 பார் அழுத்தம் போதும் என்பதால் ஓடிவிட்டது (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 1967-ல் போக்ஸ்வாகன் 1600-ல் வந்த போஷ் டி-ஜெட்ரானிக் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) சுமார் 2 பார் தேவைப்பட்டது, அதற்கு எலெக்ட்ரிக் பம்ப் வந்தது, ஆனால் அதுவும் டேங்குக்கு வெளியில்தான். உறிஞ்சுவதில் ஒரு சிக்கல் உண்டு. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழி கட்டிவிடும். குமிழியை அந்தப் பம்பால் தள்ள முடியாது, வண்டி நின்றுவிடும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை மேலே வைத்து மல்லுக்கட்டாமல் தண்ணீருக்குள்ளேயே இறக்குகிறோமே, அதே கதைதான் இதுவும். டேங்கிலிருந்தே தள்ளிவிட்டால் குழாய் முழுக்க அழுத்தம் இருக்கும், கொதிக்க வழியில்லை.

இப்போதைய சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் இந்தப் பம்ப் கொடுப்பது 3 முதல் 4 பார். ஓரங்களில் பல் பல்லாக வெட்டிய ஒரு சின்னத் தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று பெட்ரோலைச் சுழற்றித் தள்ளும். தட்டுக்கும் கூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, அதனால் பொடி மணல் போனாலே தேய்ந்துவிடும். அடியில் வலைப்பை ஒன்று மாட்டியிருப்பது அதற்காகத்தான். வெளியேறும் வாயில் ஒருவழி வால்வு இருக்கும், எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். இதைப் பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 3 பார் அழுத்தத்தில் மணிக்கு 100 லிட்டர் தள்ள உண்மையில் தேவைப்படும் சக்தி எட்டு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். பம்ப் இழுப்பதோ 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 60 வாட். மீதி ஐம்பது சொச்சம் வாட் சூடாகத்தான் போகிறது, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது உள்ளே ஓடும் பெட்ரோல். பேரிங்குக்கு எண்ணெயும் அதுதான். இதனால்தான் 'டேங்கை எப்போதும் கால்வாசிக்குக் கீழே விடாதே' என்பார்கள். பாதி உண்மை. பம்ப் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் நிற்கிறது, திரும்பி வரும் பெட்ரோலின் வேகத்தையே வைத்து ஒரு ஜெட் அந்தக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும், ஆகவே டேங்கில் கொஞ்சமே இருந்தாலும் பம்ப் நனைந்துதான் இருக்கும். சுத்தமாக வற்றிப் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பிப்பதுதான் கொல்லும்.

பம்ப் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்புக்குக் கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்), அப்புறம் பம்பின் கனெக்டரில் மல்டிமீட்டர். பம்ப் மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும், கழற்றிவிட்டு அளந்தால் துருப்பிடித்த எர்த் ஒயர்கூட நல்ல பிள்ளை மாதிரி 12 வோல்ட் காட்டும். பம்புக்கு வோல்ட் ஒழுங்காகப் போகிறது, ஆனாலும் ஓடவில்லை, டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் தட்டினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும். நல்ல பம்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து ரூபாய்கூடப் பெறாத ரிலே காண்டாக்டைப் பழி சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

மாற்றும் வேலை வெட்டவெளியில். மூடிய ஷெட்டில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்துபோய் எங்கோ எரியும் அடுப்பையோ ஹீட்டரையோ தேடிப் பிடிக்கும். டேங்கில் கால்வாசிக்குக் குறைவாக இருந்தால் நல்லது. பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பழைய குண்டு பல்பு விளக்கு வேண்டவே வேண்டாம். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அதுவாக நிற்கும்வரை விடுங்கள். அந்த ஒருவழி வால்வு பிடித்து வைத்திருக்கும் அழுத்தம் இப்படித்தான் இறங்கும், இல்லாவிட்டால் குழாயைக் கழற்றும்போது முகத்தில் பீய்ச்சும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். (டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சின் பக்கம் 100 பாருக்கு மேல் ஓடும் இன்னொரு பம்ப் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூடி இருக்கும். இல்லாத வண்டியில் டேங்கையே இறக்க வேண்டும். லிஃப்டோ உறுதியான ஸ்டாண்டோ இல்லாமல் அதை வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூடியைத் திறந்ததும் அங்கே வருடக்கணக்கில் சேர்ந்த மண் இருக்கும், அதை முதலில் வழித்துத் துடைத்துவிடுங்கள், பம்பை டேங்கோடு பிடித்து வைத்திருக்கும் லாக் ரிங்கைச் சுற்றியதும் அந்த மண் நேராக டேங்குக்குள்தான் விழும். ரிங் இரும்பாக இருந்தால் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டுங்கள், பித்தளை பொறி பறக்க விடாது. பம்ப் தொகுப்பு மேலே வரும்போது சாய்த்துத்தான் எடுக்க வேண்டும், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் கம்பி விளிம்பில் மாட்டும். கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலும் சாய்த்த உடனே கொட்டும், துணியும் பாத்திரமும் தயாராக இருக்கட்டும்.

பழைய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கையில் எடுத்துப் பாருங்கள், பெட்ரோல் குடித்து ஊதி, அதன் பள்ளத்தில் மறுபடி உட்காரவே உட்காராது. புதிது போட்டே ஆக வேண்டும், சிலிக்கான் பசை வேலைக்கு ஆகாது, பெட்ரோலில் இளகிவிடும். பம்பை மட்டும் மாற்றுவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். உள்ளே போடும் குழாய் மூழ்கிக் கிடக்கவே தயாரித்ததாக இருக்க வேண்டும், சாதாரண பெட்ரோல் குழாய்க்கு உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் நனைந்தே கிடந்தால் இளகிக் கிழியும், பம்ப் ஓடும் ஆனால் அழுத்தம் டேங்குக்குள்ளேயே கசிந்து போய்விடும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும், சத்தம் வரும், எஞ்சினுக்குச் சொட்டுப் பெட்ரோல் வராது.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஆன், ஆஃப் என்று மூன்று நான்கு முறை போட்டால் ஒவ்வொரு முறையும் பம்ப் ஓரிரு நொடி ஓடிக் குழாயை நிரப்பும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, இணைப்புகளைச் சுற்றி ஈரமோ வாசனையோ இருக்கிறதா என்று பாருங்கள், பெட்ரோல் முள்ளும் நகர்கிறதா என்று ஒரு பார்வை. முள் அசையாமல் நின்றால் மிதவை எங்கோ சிக்கியிருக்கிறது, ஆகவே அது சரியாகும்வரை சீட்டை மாட்டாதீர்கள்.