அடும்பு: பெயரும் பொருளும்

அலை வந்து தொடும் கோட்டைத் தாண்டி, வெறும் மணல் தொடங்கும் இடத்திலேயே ஒரு கொடி படர்ந்து கிடக்கும். இலை தடிப்பாக, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பூ புனல் வடிவம், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். காலையில் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். கொடியை ஒடித்தால் பால் வரும். ஆங்கிலத்தில் இதற்கு 'பீச் மார்னிங் குளோரி' என்று பெயர். இதை 'கடற்கரைக் காலை மகிமை' என்றெல்லாம் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை. அடும்பு என்ற பெயர் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் அடும்பு உண்டு. ஆனால் அங்கே வெறும் பெயர்தான். கொடியை அருகில் போய்ப் பார்த்தவர் குறுந்தொகை 243 பாடிய நம்பி குட்டுவன்.

"மான்அடி அன்ன கவட்டிலை அடும்பின்
தார்மணி அன்ன ஒண்பூக் கொழுதி"

கவடு என்றால் பிளவு. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவட்டை என்கிறோமே, அதே சொல்தான். மானின் குளம்பு மணலில் பதிந்தால் என்ன தடம் விழுமோ, அதுதான் இந்த இலையின் வடிவம். பூவுக்குச் சொன்ன உவமை, குதிரையின் கழுத்து மாலையில் தொங்கும் மணி. அந்தப் பூவைக் கொய்துதான் பெண்கள் மணலில் வண்டல் என்ற விளையாட்டை ஆடுகிறார்கள்.

தாவரவியல் பெயர் இப்போமியா பெஸ்-கேப்ரே. பெஸ்-கேப்ரே என்றால் லத்தீனில் ஆட்டின் அடி. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் அது. அவர் இதை வேறொரு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைத்திருந்தார், பிறகு ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இப்போமியாவுக்கு மாற்றினார். மானோ ஆடோ, இரண்டுக்கும் பிளந்த குளம்பு. ஆகவே நம்பி குட்டுவன், லின்னேயஸ் இருவர் கண்ணும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறது. தமிழில் ஆட்டுக்கால், குதிரைக்குளம்பு என்ற பெயர்களும் வழங்குகின்றன. குதிரைக்குளம்பு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, குதிரைக்குக் குளம்பு பிளந்திருக்காதே! இப்போமியா என்பதோ கிரேக்கச் சொல், புழுவைப் போன்றது என்று பொருள். சுற்றி ஏறும் கொடிகளை நினைத்து வைத்த பெயர். அடும்பு பெரும்பாலும் எதையும் சுற்றாது, தரையோடு ஓடும்.

சரி, இன்று வழக்கில் இருக்கும் அடப்பங்கொடி என்ற பெயர் அடும்பிலிருந்து எப்படி வந்தது? முதலில் அடும்பு, அடம்பு ஆயிற்று. மலையாளத்திலும் அடம்புதான். கேரளத் தாவரங்களைப் பற்றி டச்சுக்காரரான வான் ரீட் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில் இந்தக் கொடி 'ஷோவன்ன அடம்போ', அதாவது சிவந்த அடம்பு. அகநானூற்றின் 80ஆம் பாட்டு இதைச் 'செங்கேழ் மென்கொடி' என்கிறது. கேழ் என்றால் நிறம். தண்டைப் பார்த்தால் அந்தச் செம்மை தெரியும்.

அடம்போடு கொடி சேரும்போது மெல்லினம் வல்லினமாகிறது. கரும்பு + சாறு கருப்பஞ்சாறு ஆவது போலத்தான் அடம்பு + கொடி அடப்பங்கொடி ஆகிறது. இரு சொற்களையும் இணைக்க நடுவில் வரும் 'அம்' சாரியை. வெற்றிலைப் பையைக் குறிக்கும் அடைப்பத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஈழத்தில் அடம்பன் கொடி என்பார்கள். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. தனிக்கொடியைக் கையால் ஒடித்துவிடலாம், பல கொடிகள் பின்னிக் கிடந்தால் முடியாது.

அடும்பின் பிழைப்பே மணலோடுதான். கணுவுக்குக் கணு வேர் விடும். காற்று மணலைக் கொண்டுவந்து மூடினால் மேலே வந்து மறுபடி படரும். அதன் இலைகளுக்கு இடையில் மணல் தங்கும், மேடு உயரும். விதை கடல் நீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும், அதனால்தான் வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் இந்தக் கொடியைப் பார்க்கலாம். உலோச்சனார் பாடிய குறுந்தொகை 248இல் இந்த மணல் வேலை அப்படியே இருக்கிறது. மேல்காற்று குவித்த, 'அடும்பு இவர் மணற்கோடு' ஊர்ந்து வந்து அடிமரத்தை மூட, நெடும்பனை குட்டையாகிவிடுகிறதாம். இவர்தல் என்றால் படர்தல், மணற்கோடு என்றால் மணல்மேடு.

எழுதும்போது அடும்பு என்றே எழுதலாம். அடம்பு, அடப்பங்கொடி என்று எழுதினாலும் பிழையில்லை, வழக்கில் இருப்பவை அவைதான். கடம்பு மட்டும் வேறு, அது மரம். அதே மணலில் பக்கத்திலேயே முள் முள்ளாக உருண்டைக் கதிரோடு நிற்கும் இராவணன் மீசையும் வேறு, அது புல் இனம். மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையை இரண்டுமே செய்வதால் சில படக்குறிப்புகளில் பெயர் இடம் மாறிவிடுகிறது. இலையைப் பார்த்தால் போதும், பிளவு இருந்தால் அடும்பு.