செய்தி முடிஞ்சும் ஏன் நெஞ்சு படபடக்குது?

2020 ஏப்ரல், லாக்டவுன் போட்டு ரெண்டாவது வாரம் இருக்கும். எங்க அப்பா காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு டிவிய போட்டா ராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஆஃப் பண்ணுவாரு. கீழ சிவப்புப் பட்டையில நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், இன்னைக்கு எத்தனை பேருக்கு பாசிட்டிவ், எந்த மாவட்டத்துல எத்தனை பேர் செத்தாங்கன்னு. "போதும்ப்பா, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க"ன்னு சொன்னா "என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமாடா"ம்பாரு. அவர் வாசப்படி தாண்டல, எங்க தெருவுல அப்ப ஒருத்தருக்கும் கொரோனா இல்ல, ஆனா அவருக்கு தூக்கம் போச்சு, பிபி ஏறுச்சு, தட்டுல சோத்த பாதி அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிடுவாரு. எனக்கு அப்ப கோபம்தான் வந்துச்சு. அப்புறமா இத பத்தி தேடித் தேடி படிச்சப்பதான் அவர் உடம்புக்குள்ள என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு பிடிபட்டுச்சு.

மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. ஆபத்து வருதான்னு பாத்துக்கிட்டே இருக்குறது அதோட முக்கியமான வேலை. இருட்டுல நடக்கும்போது கால்கிட்ட வளைஞ்சு ஏதோ கெடக்கு, பாம்பா கயிறான்னு நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கால் பின்னாடி துள்ளியிருக்கும், அது இதோட வேலைதான். ஒரு சில நொடியில அட்ரினலின்ங்குற ஹார்மோன் ரத்தத்துல கலக்குது, நெஞ்சு அடிக்குது, மூச்சு வேகமாகுது. பின்னாடியே மூளைலேர்ந்து ஒரு உத்தரவு கிளம்பி, கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பிக்கு போயி கார்ட்டிசோல்ங்குற இன்னொரு ஹார்மோன வெளிய விடுது. இது மெதுவா ஏறும், உச்சத்துக்கு போக இருபது முப்பது நிமிஷம் ஆகும். உடம்புல இருக்குற சக்கரைய எரிபொருளா எடுத்துக் குடுத்து, செரிமானம் தூக்கம் மாதிரி இப்ப அவசரமில்லாத வேலைய எல்லாம் ஓரங்கட்டி வைக்கிற ஆளு இதுதான். அப்பா தட்டுல சோறு ஏன் மிஞ்சுச்சுன்னு இப்ப தெரியுதா?

பாம்புன்னா ஓடிடுறோம், கயிறுன்னா "சே, கயிறு"ன்னு ஒரு பெருமூச்சு விடுறோம். எப்படியோ அந்த பயத்துக்கு ஒரு முடிவு இருக்கு, முடிஞ்சதும் கார்ட்டிசோல் இறங்கிடும். இந்த ஏற்பாடே முடிவு வரும்னு நம்பி அமைஞ்சதுதான். டிவியில வர்ற பயத்துக்கு அந்த முடிவு கிடையாது. ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது, "கயிறுதான்"னு நிம்மதியாகவும் முடியாது, அதுக்குள்ள அடுத்த பிரேக்கிங் நியூஸ் வந்து திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இதையே நாளெல்லாம் செஞ்சா உடம்பு எப்ப அடங்கும்?

இதுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கு, படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. 2013 ஏப்ரல் 15, அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சு 3 பேர் செத்தாங்க, 260 பேருக்கு மேல காயம். அலிசன் ஹோல்மன், ராக்சேன் கோஹன் சில்வர் இவங்க குழு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட இர்வைன் வளாகத்த சேர்ந்தவங்க, அடுத்த சில வாரத்துல 4,675 பேர்கிட்ட கேள்வி கேட்டாங்க. அந்த ஒரு வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல குண்டுவெடிப்பு செய்தியில மூழ்கி இருந்தவங்களுக்கு, நேர்ல அந்த இடத்துல மாட்டுனவங்கள விட அதிகமான மன அழுத்தம் இருந்துச்சு! ஏற்கனவே பயந்த சுபாவம் உள்ளவங்கதான் அதிகமா பாத்திருப்பாங்கன்னு தோணும். ஆனா குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடி அவங்க மனநிலை எப்படி இருந்துச்சுங்குற தகவலும் குழுகிட்ட இருந்துச்சு, அத கழிச்சு பாத்தும் முடிவு மாறல. அப்புறம் 2019ல இதே குழு இன்னொன்னு சொன்னாங்க, செய்தி பாத்தா கவலை வருது, கவலை வந்தவங்க அடுத்த சம்பவம் நடக்கும்போது இன்னும் அதிகமா செய்தி பாக்குறாங்க, அது இன்னும் கவலைய கூட்டுதுன்னு. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

செய்தி போடுறவங்க ஏன் இப்படியே போடுறாங்கங்குறதுக்கும் கணக்கு இருக்கு. அப்வொர்த்தின்னு ஒரு வெப்சைட் ஒரே செய்திக்கு பல தலைப்பு வச்சு எதுக்கு கிளிக் விழுதுன்னு சோதிச்சு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகள ஆராய்ச்சி பண்ணி 2023ல வெளியிட்டாங்க. தலைப்புல ஒரு எதிர்மறை சொல் கூடுனா கிளிக் 2.3 சதவீதம் கூடுது. கேக்க சின்ன நம்பர்தான், ஆனா கோடிக்கணக்கான பேர் பாக்குற இடத்துல அதுதான் வருமானம். அதுக்கு தீனி போடுறது நம்ம அமிக்டலாதான்.

இன்னொரு விஷயம், அடிக்கடி பாக்குறது அடிக்கடி நடக்குதுன்னு மனசு நம்பிடும். கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1973லயே இத எழுதிட்டாங்க, சட்டுனு ஞாபகத்துக்கு வர்றத வச்சுத்தான் நம்ம ஆபத்த அளக்குறோம்னு. இது வெறும் மனக்குழப்பத்தோட நிக்கிறதில்ல, உயிரையும் எடுக்கும். 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் விமானத்துக்கு பயந்து நிறைய அமெரிக்கர்கள் கார்லயே போனாங்க. அதனால மட்டும் அடுத்த ஒரு வருஷத்துல சாலை விபத்துல சுமார் 1,500 பேர் கூடுதலா செத்தாங்கன்னு கெர்ட் கிகெரென்சர்ங்குற ஜெர்மன் உளவியல் அறிஞர் கணக்கு போட்டிருக்காரு.

அப்ப செய்தியே வேணாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். 2018ல அமெரிக்காவுல கொஞ்சம் பேர நாலு வாரம் ஃபேஸ்புக்க மூடி வைக்க சொல்லி பாத்தாங்க. தினம் சராசரியா ஒரு மணி நேரம் மிச்சமாச்சு, மனசு கொஞ்சம் தேறுச்சு, பெருசா இல்ல, கொஞ்சம்தான். ஆனா நாட்டு நடப்பு பத்தின விவரமும் குறைஞ்சு போச்சு. அந்த நஷ்டம் நெஜம். அதனால நான் பிரிச்சு பாக்குறது வேற மாதிரி. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்கன்னு வைங்க, அதுவும் பயம்தான், ஆனா அந்த நம்பர பாத்ததும் என்ன செய்யணும்னு தெரியும், கடலுக்கு போகக்கூடாது, படக இழுத்து கட்டணும். செஞ்சு முடிச்சதும் உடம்பு அடங்கும். கைக்கு ஒரு வேலைய குடுக்குற செய்திய நான் கட்டாயம் பாப்பேன். ஒரே வீடியோவ நாப்பது தடவ சுத்தி சுத்தி போடுறத பாக்க மாட்டேன். அப்படியும் படபடன்னு வந்துட்டா மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்குல விட்டு பாருங்க, மூளைலேர்ந்து இதயத்துக்கு போற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு இறங்குறது கழுத்துல கைவச்சாலே தெரியும்.

அப்பா எப்படி மாறுனாருன்னா, நான் சொல்லி இல்ல. மே மாசம் செட்டாப் பாக்ஸ் பழுதாயி, லாக்டவுன்ல சரி பண்ண ஆள் வரமுடியாம நாலு நாள் டிவி இல்ல. மொத நாள் பூரா ரிமோட்ட தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணாவது நாள் மதியம் சாப்பிட்டுட்டு திண்ணையில துண்ட விரிச்சு தூங்குனாரு, ரெண்டு மாசத்துல அப்பதான் அவர் பகல்ல கண்ண மூடி நான் பாத்தேன். பாக்ஸ் சரியான பிறகும் சாயங்காலம் அரை மணி நேரம்தான் டிவி, மத்தபடி பேப்பர். பேப்பருக்கு கடைசிப் பக்கம்னு ஒன்னு இருக்கு இல்லையா, அது வரைக்கும் படிச்சு, நாலா மடிச்சு அலமாரி மேல வச்சிட்டு, நந்தியாவட்டைக்கு தண்ணி ஊத்த போயிடுவாரு.