தென்னாப்பிரிக்காவில் செவிலியராகப் பதிய விரும்புவோர் விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் என்னிடம், தமிழ்நாட்டில் நர்சிங் முடித்துவிட்டு இங்கு வந்திருக்கும் பெண்கள் அடிக்கடி ஆலோசனை கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கணவருக்கு இந்நாட்டில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்தவர்கள். செவிலியர் பதிவுக்கான தேர்வு கடினமாக இருக்குமா, எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பார்த்தவரையில், தேர்வில் தவறியவர்களைவிடத் தேர்வு வரைக்குமே போக முடியாமல் நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். அவர்களை நிறுத்தியவை விசாவும், ஊரிலிருந்து வந்து சேராத காகிதங்களும்.

முதலில் விசாவைச் சொல்லிவிடுகிறேன். வேலை விசாவில் வருபவரின் துணைக்குக் கொடுக்கப்படும் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. செவிலியர் பதிவே கைக்கு வந்துவிட்டாலும் அந்த விசாவை வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையிலும் சேர முடியாது. தென்னாப்பிரிக்கக் குடிமக்களையோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையோ மணந்தவர்களின் நிலை வேறு; 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 11(6) பிரிவின்கீழ், வேலை செய்யும் அனுமதியோடு விசா பெற அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் என்ன நிபந்தனை அச்சிட்டிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். படிக்காமலே வந்து கேட்பவர்கள் ஏராளம்.

அடுத்ததாக, எந்த அலுவலகத்திற்கு எப்போது போவது என்ற வரிசை. நேராக பிரிட்டோரியாவில் உள்ள, செவிலியரைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலுக்குப் பணம் கட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் பயின்றவர் என்றால் தேசியச் சுகாதாரத் துறையில் வெளிநாட்டுப் பணியாளர்களைக் கவனிக்கும் பிரிவின் ஒப்புதல் கடிதமும், வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை மதிப்பிடும் ‘சாக்வா’ (SAQA) என்ற ஆணையத்தின் மதிப்பீட்டுச் சான்றும் வேண்டும். வளரும் நாடுகளிலிருந்து மருத்துவப் பணியாளர்களைத் தனித்தனியாக ஆள்பிடித்து வருவதை இந்த அரசு விரும்புவதில்லை. அதனால் எந்த அடிப்படையில் நீங்கள் இந்நாட்டில் இருக்கிறீர்கள் என்ற கேள்வி இந்த இடத்திலும் வரும். இவற்றுக்குப் பிறகுதான் கவுன்சில் உங்கள் படிப்பை எடுத்து ஆராயும். தேவையென்று கருதினால் தேர்வு எழுதச் சொல்லும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வதுண்டு: செவிலியரை அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் சட்டம் உலகிலேயே முதன்முதலாக வந்தது இந்த மண்ணில்தான், அன்றைய கேப் காலனியில், 1891-இல். பதிவேடு என்பதை இவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி காகிதங்கள். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசிய ஒரு தங்கை, “அக்கா, எல்லா சர்டிபிகேட்டும் கையிலதான் இருக்கு, ஸ்கேன் பண்ணி அனுப்பிடட்டுமா?” என்று கேட்டார். கையில் இருப்பதை அனுப்பினால் மட்டும் வேலை நடக்காது என்பதை அவருக்குப் புரியவைக்க நெடுநேரம் ஆயிற்று. நீங்கள் பதிந்திருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில், உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறது, உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்து இங்குள்ள கவுன்சிலுக்குத் தானே எழுத வேண்டும். பயிற்சி விவரங்களும் அப்படியே, படித்த நிறுவனத்தின் முத்திரையோடு அங்கிருந்தே வர வேண்டும். விண்ணப்பதாரரின் கை நடுவில் படாமல் வரும் காகிதத்திற்குத்தான் இங்கே மதிப்பு. பதிவைப் புதுப்பிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டவர்கள் முதலில் அதைப் புதுப்பித்தாக வேண்டும். அதை டர்பனிலிருந்து செய்வது எவ்வளவு சிரமம் என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

இந்தப் பயிற்சி விவரம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பங்கள் அதிகமாகத் தேங்குவது இங்கேதான். மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. மதிப்பெண் பட்டியலில் பாடமும் மதிப்பெண்ணும் இருக்கும். கவுன்சில் பார்க்க விரும்புவதோ ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பறையில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்பதை. பொது மருத்துவம், அறுவை, குழந்தைகள், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அந்தக் கணக்கு இருக்க வேண்டும். இந்நாட்டின் பழைய நான்காண்டுப் பயிற்சி 1985-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பொதுச் செவிலியம், மனநலம், சமூக நலம், மகப்பேறு ஆகிய நான்கையும் சேர்த்தே கொடுத்தது. பதிவேட்டிலும் அவை தனித்தனித் தகுதிகளாகவே குறிக்கப்பட்டன. எனவே உங்கள் மனநலப் பயிற்சியின் மணிக்கணக்கு தெளிவாக இல்லையென்றால், மொத்தப் படிப்பு நான்காண்டு என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் மகப்பேறும் சேர்ந்த டிப்ளமா) படித்தவர்கள் தங்கள் பள்ளி முதல்வரிடமும், பி.எஸ்சி. படித்தவர்கள் கல்லூரியிலும் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பழைய பாடத்திட்டத்தில் ஜி.என்.எம். பயின்ற ஆண் செவிலியர்களுக்கு மகப்பேற்றுப் பயிற்சிக்குப் பதிலாக வேறு பயிற்சி கொடுத்திருப்பார்கள். அவர்கள் அந்த இடைவெளியை முன்கூட்டியே எதிர்பார்த்து விசாரித்துக்கொள்வது நல்லது. படிக்கும்போது எழுதிய கேஸ் புக், பிரசவப் பதிவேடு ஆகியவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பள்ளியே மூடப்பட்டுப்போன ஒருவருக்கு, தான் என்ன பயிற்சி பெற்றோம் என்று காட்ட அந்த நோட்டுகள்தான் கடைசியில் மிஞ்சின.

பெயரும் ஒரு தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எம். கவிதா. பாஸ்போர்ட் எடுக்கும்போது முன்னெழுத்தை விரிக்கச் சொன்னதால் கவிதா முருகேசன். திருமணத்திற்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு கவிதா செந்தில்குமார். நமக்கு மூன்றும் ஒரே கவிதாதான். பிரிட்டோரியாவில் கோப்பைத் திறக்கும் அலுவலருக்கு அவர்கள் மூன்று பேர். திருமணப் பதிவுச் சான்று, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகிய இரண்டையும் ஊரிலேயே தயார் செய்து, ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள் என்பதால் தூதரக மேலொப்பத்திற்குத் தனியே அலைய வேண்டியதில்லை.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பாளர் வேலை எளிதில் கிடைக்கிறது. வேலை அனுமதி உள்ளவர் அதைச் செய்வதில் தவறில்லை. ஆனால் இவர் நர்சிங் படித்தவர் என்று தெரிந்ததும் இன்சுலின் போடு, சிறுநீர்க் குழாய் மாற்று, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய் என்று வேலை மெல்ல நகரும். சம்பளம் பராமரிப்பாளருக்கானதாகவே இருக்கும். 2005-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் நர்சிங் சட்டம், 31-ஆம் பிரிவில், பதிவு இல்லாமல் செவிலியத் தொழில் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் இங்கே ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, கையெழுத்து, இருப்புக் கணக்கு என்று அதற்கு ஒரு முறையே இருக்கிறது. பதிவில்லாத ஒருவர் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பிறகு ஓர் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) கணக்கில் குறைந்தால், இல்லத்தின் உரிமையாளர் உங்களுக்காகப் பேசப் போவதில்லை. “நான் பராமரிப்பாளர் மட்டுமே, ஊசி போட எனக்கு அனுமதி இல்லை” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏஜென்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவம் நிரப்பித் தர, கூரியர் அனுப்பத் தரகர் உதவலாம். பதிவு வாங்கித் தருவதாக ஒருவர் உறுதி சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து பதிவு கிடைத்த பிறகும் ஒரு தேதி இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தை முந்தைய டிசம்பர் 31-க்குள் கட்டித்தான் அடுத்த ஆண்டுக்கான தொழில் சான்றைப் பெற முடியும். கட்டத் தவறினால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும், திரும்பச் சேர்க்கத் தனிக் கட்டணம் உண்டு. மருத்துவமனை நிர்வாகங்கள் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் நேரடியாகவே உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகின்றன. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இந்தக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். ஜனவரியில் திரும்பி வந்து டியூட்டி ரோஸ்டரில் பெயர் இல்லாமல் நின்றவர்களை எங்கள் மருத்துவமனையிலேயே பார்த்திருக்கிறேன்.