மயக்கத்துல இருக்கும்போது கேக்காம பண்ண ஆபரேஷன்: நஷ்டஈடு கேஸ் எப்படி போடறது

ஒரு ஆபரேஷன்னு சொல்லி உள்ள கூட்டிட்டு போயிட்டு, மயக்கத்துல இருக்கும்போது இன்னொண்ணையும் சேத்து பண்ணிட்டு, கண்ணு முழிச்சப்புறம் "உங்க நல்லதுக்குத்தாம்மா பண்ணோம், வெளில உங்க வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டோம்"னு சொல்ற டாக்டருங்க இருக்காங்க. கர்ப்பப்பையை எடுத்துடறது, சிசேரியனோட சேத்து குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடறது, இப்படி. பாதிக்கப்பட்டவங்க நிறைய பேர் "ஆபரேஷன் நல்லபடியாத்தானே முடிஞ்சுது, இதுக்கு என்னன்னு கேஸ் போடறது"ன்னு விட்டுடறாங்க. விடாதீங்க. சரியா பண்ணாங்களாங்கிறது ஒரு கேள்வி, உங்களைக் கேட்டு பண்ணாங்களாங்கிறது வேற கேள்வி, இந்த ரெண்டாவது கேள்விய வெச்சு மட்டுமே கேஸ் நிக்கும்.

இதுக்கு அடிப்படை சுப்ரீம் கோர்ட் 2008 ஜனவரி 16 அன்னைக்கு குடுத்த சமீரா கோலி வழக்கு தீர்ப்பு. டெல்லியில 1995ல நடந்த சம்பவம். சமீராவுக்கு 44 வயசு, கல்யாணம் ஆகாதவங்க, லேப்ராஸ்கோபி (வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்கறது) போட்டு என்ன பிரச்சனைன்னு பாக்கறதுக்குத்தான் கையெழுத்து போட்டாங்க, தேவைப்பட்டா வயித்தைத் திறந்து பாக்கலாம்னும் அதுல எழுதியிருந்துச்சு. மயக்க மருந்து குடுத்தப்புறம் உள்ளேருந்து ஒரு டாக்டர் வெளில வந்து, காத்துட்டிருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு, கர்ப்பப்பை, சினைப்பை, கருக்குழாய் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: மேஜரான, தானே முடிவெடுக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு பதிலா அம்மாவோ வேற யாருமோ சம்மதம் குடுக்க முடியாது, மயக்கம் தெளியுற வரைக்கும் காத்திருந்து அவங்களையே கேட்டிருக்கணும். டெஸ்டுக்கு குடுத்த சம்மதம் ட்ரீட்மென்ட்டுக்கு ஆகாது, ஒரு ஆபரேஷனுக்கு குடுத்தது இன்னொண்ணுக்கு ஆகாது. ஒரே ஒரு விதிவிலக்கு, உயிரைக் காப்பாத்தவோ உடம்பு கெடாம தடுக்கவோ அப்பவே பண்ணியே ஆகணும், தள்ளிப் போடவே முடியாதுங்கிற நிலைமை. "இன்னொரு தடவை மயக்க மருந்து குடுக்க வேணாமேன்னு சேத்து பண்ணோம்"ங்கிறது அந்த விதிவிலக்குல வராது.

சம்மதம்னா வெறும் கையெழுத்து இல்ல. என்ன பண்ணப் போறாங்க, எதுக்கு, என்ன பலன், என்ன ஆபத்து, வேற வழி இருக்கா, பண்ணாம விட்டா என்ன ஆகும், இதெல்லாம் முன்னாடியே புரியுற மாதிரி சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லிடணும், ஏமாற்றம் வேணாம். அந்த கேஸ்ல கேட்டது 25 லட்சம், கிடைச்சது 25,000 ரூபாய், அதோட டாக்டருக்கு ஃபீஸ் கிடையாதுன்னு உத்தரவு. டாக்டர் நல்லெண்ணத்துலதான் பண்ணாருன்னு கோர்ட் குறைச்சிடுச்சு. என்னைக் கேட்டா அது ரொம்ப கம்மி, ஒரு பொண்ணோட உடம்பு சம்பந்தப்பட்ட முடிவுக்கு அந்த விலை சரியில்ல. ஆனா சட்டத்துல அந்த தீர்ப்பு போட்ட பாதையிலதான் இன்னைக்கும் கேஸ் நடக்குது, அதனால உங்களுக்கு ஆன நஷ்டத்தை (மருந்து செலவு, வேலைக்குப் போகாத நாள் சம்பளம், இனிமே குழந்தை பெத்துக்க முடியாதுங்கிற நிலைமை, மன உளைச்சல்) தனித்தனியா கணக்கு போட்டு, பில்லோட வெக்கணும்.

முதல் வேலை பேப்பர். வக்கீலைப் பாக்குறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு எழுத்துல லெட்டர் குடுத்து முழு கேஸ் ஷீட் கேளுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்), ஆபரேஷன் நோட்ஸ், அனஸ்தீசியா சார்ட் (மயக்க மருந்து குடுத்த விவரம் எழுதுனது), நர்ஸ் எழுதுன குறிப்பு, எடுத்த உறுப்பை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தா அந்த பயாப்ஸி ரிப்போர்ட், எல்லாம். 2002 மருத்துவ கவுன்சில் விதிமுறைப்படி நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், மூணு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். நேர்ல குடுத்தா காப்பியில சீல் வாங்கிக்கோங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோங்க.

கைக்கு வந்ததும் கன்சென்ட் ஃபார்மை பொறுமையா பாருங்க. அச்சடிச்ச ஃபார்ம்ல ஆபரேஷன் பேர் எழுதற கோடு காலியா இருக்கா, ஒரு ஆபரேஷன் பேர் ஒரு பேனாவுலயும் பக்கத்துல இன்னொண்ணு வேற பேனாவுலயும் இருக்கா, உங்களுக்கு படிக்கத் தெரியாத மொழியில இருக்கா, கையெழுத்து யாரோடது, எத்தனை மணிக்கு. அந்த மணியை அனஸ்தீசியா சார்ட்ல மயக்க மருந்து ஆரம்பிச்ச மணியோட ஒப்பிட்டு பாருங்க. மருந்து ஏறுனப்புறம் வாங்குன சம்மதம்னு அதுலயே தெரிஞ்சிட்டா அதைவிட பெரிய சாட்சி தேவையில்ல.

அடுத்து நுகர்வோர் கோர்ட், இப்போ 2019 சட்டப்படி நடக்குது. நீங்க ஆஸ்பத்திரிக்கு கட்டுன தொகை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், கேக்குற நஷ்டஈட்டை வெச்சு இல்ல, கட்டுன பணத்தை வெச்சு கணக்கு. 5 லட்சம் வரைக்கும் கட்டியிருந்தா கோர்ட் ஃபீஸே கிடையாது. ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், ஆனா மெடிக்கல் கேஸுக்கு வக்கீல் இருக்கறது நல்லது. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் கிடைக்கும், 15100க்கு போன் பண்ணி கேக்கலாம்.

கெடு ரெண்டு வருஷம். வயித்துல என்ன பண்ணாங்கன்னு பின்னாடி ஸ்கேன்லதான் தெரிஞ்சுதுன்னா தெரிஞ்ச தேதியிலேருந்து எண்ணச் சொல்லி கேக்கலாம், ஆனா அதை நம்பி உக்காந்திருக்காதீங்க. ஆபரேஷனுக்கப்புறம் வருஷக்கணக்கா வலியோடவே இருந்துட்டு லேட்டா வந்த ஒருத்தரோட கேஸை 2010ல சுப்ரீம் கோர்ட் காலம் கடந்துடுச்சுன்னு தள்ளிடுச்சு. நடுவுல ஆஸ்பத்திரி ஆளுங்க "பில்லை குறைச்சுக்கறோம், இதுல ஒரு கையெழுத்து"ன்னு நீட்டுனா படிக்காம போடாதீங்க, இனிமே எந்த கோரிக்கையும் இல்லன்னு அதுல ஒரு வரி இருக்கும்.

போலீஸ்ல குடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. குடுக்கலாம், ஆனா 2005ல சுப்ரீம் கோர்ட் குடுத்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி டாக்டர் மேல கிரிமினல் கேஸ் நிக்கணும்னா சாதாரண அலட்சியம் போதாது, ரொம்ப மோசமான அலட்சியமா இருக்கணும், அதனால பெரும்பாலும் அங்க நேரம்தான் போகும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்ல புகார் குடுத்தா டாக்டரோட பதிவை நிறுத்தி வெக்கறது மாதிரி நடவடிக்கை எடுக்கலாம், பணம் வாங்கித் தர மாட்டாங்க. நுகர்வோர் கேஸோட சேத்தே இதையும் குடுக்கலாம்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி விஷயம் வேற. எல்லாருக்குமே முழுக்க இலவசமா பாக்குற இடம்னா நுகர்வோர் சட்டம் வராதுன்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதே தீர்ப்புல, சில பேர்கிட்ட காசு வாங்கி சில பேருக்கு இலவசமா பாக்குற ஆஸ்பத்திரின்னா இலவச நோயாளியும் கேஸ் போடலாம், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியிருந்தாலும் போடலாம்னு இருக்கு. அதனால காப்பீட்டு அட்டையில பிரைவேட்ல பண்ணிக்கிட்டவங்க "நான் காசே கட்டலையே"ன்னு நினைச்சு விட்டுடாதீங்க. முழு இலவச கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நடந்துச்சுன்னா மாநில மனித உரிமை ஆணையத்துல மனு குடுக்கலாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுக்கணும், இல்ல ஹைகோர்ட்ல ரிட் போடலாம். கேஸ் ஷீட் தர இழுத்தடிச்சா அங்க தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டும் வாங்கலாம், 30 நாள்ல பதில் தரணும்.