பெட்டியில் எழுதிய வாட்ஸை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

ஸ்பீக்கர் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். அந்த எண் ஸ்பீக்கர் எவ்வளவு பவரைத் தாங்கும் என்பதற்கானது. எவ்வளவு சத்தம் வரும், எவ்வளவு தெளிவாக வரும் என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்த சத்தத்தின் அளவு (டெசிபல்) அது. 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸில் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கர் தர 100 வாட்ஸ் வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 2.83 வோல்ட் என்றால் 8 ஓம்ஸ் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் 1 வாட், 4 ஓம்ஸிலோ 2 வாட். ஆகவே 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் 3 டெசிபல் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். விளம்பரத்தாளில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

90 டெசிபல் ஸ்பீக்கரிலும் உள்ளே போகும் பவரில் ஒலியாக வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதி வாய்ஸ் காயிலில், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளில், சூடாகிறது. காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறக்குறைய 40 சதவீதம் ஏறும், உள்ளே போகும் பவர் குறையும். வால்யூமைத் திருகத் திருக சத்தம் அந்த அளவுக்கு ஏறாமல் அமுங்குவது இதனால்தான்.

ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) எரிவதற்குப் பெரிய ஆம்ப்தான் (ஆம்ப்ளிஃபயர்) காரணம் என்று நினைக்கிறார்கள். சின்ன ஆம்பை முறுக்கி ஓட்டினாலும் எரியும். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி கிளிப் ஆகும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத உயர் அலைவரிசைகள் பிறக்கின்றன. ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் அவற்றை நேராக ட்வீட்டருக்கு அனுப்பிவிடும். பேஸ் (தாழ்ந்த ஒலி) திருகை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் பத்து மடங்கு பவர் போகிறது. கிளிப்பிங் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சத்தம் கரகரத்தால் உடனே குறையுங்கள்.

"பேஸ் இல்லை, பெரிய ஆம்ப் வேண்டும்" என்பவர்கள் முதலில் ஒயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு வூஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர்; அருகருகே இருக்கும் இரண்டு பெட்டிகளும் அதை ஒன்றுக்கொன்று அழித்துவிடும். பாடகரின் குரலும் நடுவில் நிற்காது, எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். பிளஸுக்கு பிளஸ் பட்டால் வூஃபர் கூம்பு முன்னால் வர வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வர வேண்டும், அதுதான் முக்கியம்.

அடுத்து சுவர். ஸ்பீக்கரின் முகப்பு பின்சுவரிலிருந்து 86 சென்டிமீட்டரில் இருந்தால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியை விழுங்கும். அந்தப் பள்ளத்தை எந்த ஆம்பாலும் நிரப்ப முடியாது. எவ்வளவு பவர் கொடுத்தாலும் திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடும். 40 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் பள்ளம் 214 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதற்குக் கீழே பேஸ் நிறையும். பின்பக்கம் போர்ட் துளை உள்ள பெட்டியை மட்டும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், காற்று போக இடம் வேண்டும். பத்து பத்து சென்டிமீட்டராக நகர்த்தி, உட்காரும் இடத்திலிருந்தே கேட்டுப் பாருங்கள்.